மாமனாரின் டயல்-அப் லைனை வெட்டலாமா?

கேள்வி: ஐயா, நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என் மாமனாருக்கு 79 வயது. ரிட்டயர்டு வாத்தியார், டோங்காட்டில் தனியாக இருக்கிறார். இன்னும் போன் லைனில் நம்பர் டயல் செய்து போகும் டயல்-அப் இன்டர்நெட்தான். சாயங்காலம் ஏழு மணி அடித்ததும் பின்அறைக்குப் போய் உட்கார்ந்து, அந்தக் கீச்சுச் சத்தம் முடிந்த பிறகு இமெயில் பார்ப்பார். பழைய கப்பல் பட்டியல்களில் மற்றவர்களுடைய கொள்ளுத் தாத்தா பெயரைத் தேடிக் கொடுப்பது அவருக்கு ஒரு சேவை, கனடாவிலிருந்தெல்லாம் எழுதிக் கேட்பார்கள். இப்போது அவருக்கு இணைப்பு கொடுக்கும் சின்னக் கம்பெனி ஜனவரி கடைசியோடு டயல்-அப்பை நிறுத்துவதாகக் கடிதம் அனுப்பிவிட்டது. ஃபைபர் தெருமுனை வரை வந்தாயிற்று, ஆனால் வேண்டாம் என்கிறார். 2022 வெள்ளத்தில் உங்கள் செல்போன் எல்லாம் செத்துக் கிடந்தபோது என் போன்தானே அடித்தது என்று அதையே சொல்கிறார். அவர் கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போகும் நேரம் பார்த்து மாற்றிவிடலாம் என்பது என் கணவரின் யோசனை. அமெரிக்காவில் ஏஓஎல் என்ற பெரிய இன்டர்நெட் கம்பெனியே டயல்-அப்பை நிறுத்திவிட்டதாமே. இந்தக் காலத்தில் இதை யார், எதற்காக வைத்திருக்கிறார்கள்? இவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்:

தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள், கோயில் கூட்ட யோசனை வேண்டவே வேண்டாம். இதை நான் படித்துச் சொல்லவில்லை, பட்டுச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு பெரியவர் வீட்டில் அவர் மகன் கூப்பிட்டார் என்று போய், பெரியவர் ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மெயிலை எல்லாம் மாற்றிவிட்டேன் என்று காசையும் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த மெயிலை மாற்றியிருந்தேன். அவர் அனுப்பிய மெயில்களும் அட்ரஸ் புத்தகமும் வேறு ஃபைலில் இருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பழைய டிஸ்க்கை மகன் யாருக்கோ கொடுத்துவிட்டார். பெரியவர் வீட்டுக்கு வந்து என்னைத் திட்டவில்லை. பார்த்துவிட்டு, "சரி தம்பி, போ" என்றார். திட்டியிருக்கலாம்.

அதிலிருந்து நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யாராவது பழைய லைனைத் தூக்கச் சொன்னால், வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம், அந்த ஒயரில் என்னென்ன தொங்குகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். "ஏன் இன்னும் இதை வைத்திருக்கிறார்கள்" என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஏஓஎல் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான், 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப்பை நிறுத்திவிட்டார்கள், முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய சேவை. 2002 வாக்கில் அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல் சந்தா கட்டியவர்கள் இருந்தார்கள். நிறுத்தும் நேரத்தில் எவ்வளவு பேர் மிஞ்சியிருந்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அமெரிக்க மக்கள்தொகைத் துறையின் 2023 மதிப்பீட்டில் டயல்-அப் தவிர வேறு இன்டர்நெட் இல்லாத வீடுகள் சுமார் 1,63,000. அமெரிக்காவுக்கு அது ஒரு துளி என்றாலும், டோங்காட்டையும் வெருலத்தையும் சேர்த்து வைத்தாலும் அத்தனை வீடு தேறாது.

அவர்கள் எல்லாரும் புதுசு தெரியாத கிழவன் கிழவிகள் என்று நினைக்காதீர்கள். நிறையப் பேர் கிராமத்துக்காரர்கள், டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெகுதூரத்தில் பண்ணைவீடு. ஏடிஎஸ்எல் என்று நாம் சொல்லும் வேகமான இன்டர்நெட்டும் போனுக்கு வரும் அதே செம்புக் கம்பியில்தான் வருகிறது, ஆனால் மனிதக் குரலுக்கு மேலே உள்ள உயர்ந்த அலைவரிசைகளில் வருகிறது. அந்த அலைகள் கம்பியில் போகப் போகத் தேய்ந்துவிடும், ஐந்து கிலோமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் கதை முடிந்தது. போதாததற்கு, நீண்ட கிராமத்து லைன்களில் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் நடுநடுவே லோடிங் காயில் என்று ஒரு சுருளைப் போட்டு வைத்தார்கள். குரலுக்கு அது நல்லது, ஏடிஎஸ்எல்லுக்கு எமன். டயல்-அப்புக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் மோடம் செய்வதெல்லாம் கம்ப்யூட்டரின் ஒன்றையும் பூஜ்யத்தையும் சத்தமாக்கிப் பேசுவதுதான். மனிதர் பேசினால் கேட்கும் லைன் என்றால் மோடம் பேசினாலும் கேட்கும், கொஞ்சம் மெதுவாகக் கேட்கும், அவ்வளவே.

அந்தக் கீச்சுச் சத்தம் அதுதான். இரண்டு மோடமும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்வது. எதிர்முனை முதலில் ஒரே சுருதியில் ஒரு நீண்ட ஓசை கொடுக்கும், நடுவில் இருக்கும் எதிரொலி அடக்கிகளே நீங்கள் ஒதுங்குங்கள் என்று அதற்கு அர்த்தம். அப்புறம் லைனை மேலும் கீழும் தட்டிப் பார்த்து, எந்த வேகம் தாங்கும் என்று பேரம் பேசி முடித்ததும் ஸ்பீக்கர் அமைதியாகிவிடும். பெட்டியில் 56 கிலோபிட் என்று போட்டிருந்தாலும் நாற்பது, நாற்பத்தைந்து கிடைத்தால் நல்ல லைன், அதாவது ஒரு வினாடிக்கு ஐந்து கிலோபைட் மாதிரி. உங்கள் மாமனாருக்கு வரும் நாலு பாரா கடிதம் ஒரு வினாடி. பேரன் அனுப்பும் 2 எம்பி பிறந்தநாள் போட்டோ ஏறக்குறைய ஏழு நிமிஷம். கடிதம் எழுதுகிறவருக்கு டயல்-அப் மெதுவான பொருளே கிடையாது, அவர் "எனக்கு இது போதும்" என்றால் அது பிடிவாதம் மட்டும் இல்லை, கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. அவருக்குப் போட்டோ அனுப்புகிறவர்களுக்குத்தான் அது மெதுவு.

ஏஓஎல் விஷயத்தில் எனக்கு உறைத்தது இன்னொன்று. வீட்டில் நல்ல பிராட்பேண்ட் வந்த பிறகும் வருஷக்கணக்கில் அந்தச் சந்தாவைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம், நிறுத்தினால் இமெயில் அட்ரஸ் போய்விடும் என்ற பயத்தில். 2006-லேயே அந்த இமெயிலை இலவசமாக்கிவிட்டார்கள், டயல்-அப்பை நிறுத்திய பிறகும் இமெயில் தொடர்கிறது. ஆனாலும் பயம் பயம்தான். இருபது வருஷமாக எல்லாரிடமும் கொடுத்து வைத்த அட்ரஸை யார் விடுவார்கள்? உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சட்டென்று பட்டது அதுதான், கப்பல் பட்டியல்.

1860 நவம்பர் 16-ல் டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து இந்த நேட்டால் பகுதிக்கு வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி நம்பர், பெயர், அப்பா பெயர், ஊர், ஜாதி, உயரம், தழும்பு என்று ஒரு வரி. அந்த வரியைத் தேடித்தான் கனடாவிலிருந்து உங்கள் மாமனாருக்கு எழுதுகிறார்கள். அந்த ஆட்களிடம் அவருடைய அட்ரஸ் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோயில் மலரில் அச்சடித்திருப்பார்கள், கல்யாணத்தில் யாரோ துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருப்பார், 2004-ல் உதவி வாங்கிய ஒருவர் இப்போது தன் பேத்திக்குச் சொல்லியிருப்பார். அந்தப் பேத்தி அடுத்த வருஷம் எழுதும்போது மெயில் திரும்பி வந்துவிட்டால், தாத்தா காலமாகிவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைப்பாள். அவர் இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லமாட்டார். வெள்ளத்தைச் சொல்லுவார், போன் அடித்ததைச் சொல்லுவார். அட்ரஸைக் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும் என்று நான் பந்தயம் கட்டுவேன்.

வெள்ளத்தில் போன் அடித்ததும் கதை இல்லை. பழைய செம்பு லைனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே அந்தக் கம்பி வழியாக வருகிறது, 48 வோல்ட், அங்கே அறை முழுக்க பேட்டரி, பின்னால் ஜெனரேட்டர். வீட்டில் கரண்ட் போனாலும் சுவரில் செருகிய சாதாரண போன் வேலை செய்யும். 2022 ஏப்ரலில் செல்போன் டவர்கள் தண்ணீராலும் மின்சாரம் இல்லாமலும் விழுந்தபோது டோங்காட்டில் அவர் போன் அடித்தது அதனால்தான். அப்புறம் 2023-ல் லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோதும் பேட்டரி உள்ள பழைய லேப்டாப்பில் மோடம் இருந்தால் இருட்டில் உட்கார்ந்து மெயில் பார்க்கலாம், பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஃபைபர் வைத்திருந்த நாமெல்லாம் ரூட்டருக்கு மினி யூபிஎஸ் என்ற சின்ன பேட்டரிப் பெட்டி தேடி அலைந்தோம்.

நம் நாட்டு டயல்-அப்காரர்களிடம் இன்னொரு கசப்பும் உண்டு, அமெரிக்காக்காரனுக்கு அது தெரியாது. இங்கே ஏடிஎஸ்எல் வந்ததே 2002-ல். வந்தபோது விலையும் அதிகம், மாதத்துக்கு மூன்று கிகாபைட் என்று வரம்பு வேறு. 2009 செப்டம்பரில் நடந்த புறாப் பந்தயம் ஞாபகம் இருக்கிறதா? ஹோவிக்கிலிருந்து டர்பன் பக்கம் 80 கிலோமீட்டர், வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் நாலு கிகாபைட் மெமரி கார்டைக் கட்டிப் பறக்கவிட்டார்கள், இன்னொரு பக்கம் அதே ஃபைல்களை ஏடிஎஸ்எல்லில் அனுப்பினார்கள். புறா ஒரு மணி எட்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தது, கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றி முடிக்க மொத்தம் இரண்டு மணி ஏழு நிமிஷம், அதற்குள் ஏடிஎஸ்எல்லில் வந்திருந்தது நூற்றுக்கு நாலு பங்கு. அந்த வருஷம்தான் சீகாம் கடலடிக் கேபிள் ம்டுன்சினி கரைக்கு வந்து நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. ஆனால் அதுவரை "பிராட்பேண்ட் வாங்குங்கள் அங்கிள்" என்று நானும் வீடு வீடாகப் போய் விற்றிருக்கிறேன், இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அப்போது வேண்டாம் என்றவர்கள் ஏமாறவில்லை. பிரச்சினை என்னவென்றால், சிலர் 2009-ல் சொன்ன அதே "வேண்டாம்" என்பதை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், இடையில் உலகம் மாறியதை யாரும் பொறுமையாக உட்கார்ந்து அவர்களிடம் சொல்லவில்லை.

சரி, செல்போன் டேட்டாவாவது வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கம்பெனிகள் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று பார்க்கும் அரசின் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் கண்டித்த பிறகுதான் ஒரு கிகாபைட் 149 ரேண்டிலிருந்து 99-க்கு இறங்கியது. பென்ஷன் வாங்குகிறவர் 149 ரேண்டுக்குக் கணக்குப் பார்க்கத்தான் செய்வார்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். ஜனவரி கடைசி என்றால் இரண்டு மாதம் இருக்கிறது, போதும், ஆனால் டிசம்பரில் எல்லாரும் லீவில் போய்விடுவார்கள், அதனால் இந்த வாரமே தொடங்குங்கள்.

முதல் வேலை ஒரு கடிதம். அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள்: நிறுத்துவது டயல் செய்யும் நம்பரை மட்டுமா, இமெயிலையுமா? இமெயிலை மட்டும் தனியாகக் கட்டணம் கட்டி வைத்துக்கொள்ள முடியுமா, எத்தனை நாளைக்கு? போனில் கேட்டால் யாரோ ஒரு பையன் "எல்லாம் அப்படியே இருக்கும் மேடம்" என்பான், அதை நம்பாதீர்கள். அட்ரஸ் தங்கும் என்றால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்தது, வேறு எந்த இன்டர்நெட் வழியாகவும் அதே அட்ரஸைப் பார்க்கலாம் என்று அவருக்குக் காட்டினால் போதும், பலருக்கு இது தெரியவே தெரியாது, லைன்தான் அட்ரஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தங்காது என்றால் இன்றைக்கே புது அட்ரஸ் ஒன்று ஏற்படுத்தி, பழையதற்கு வருவதெல்லாம் புதியதற்குப் போகும்படி வைக்க முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் பழையதில் ஒரு தானியங்கிப் பதில் போடுங்கள். அவரை உட்காரவைத்து அட்ரஸ் புத்தகத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரே அவர் பாணியில் நாலு வரி எழுதட்டும். ஒரேயடியாக எல்லாருக்கும் அனுப்பினால் பாதி ஸ்பாம் பெட்டியில் விழும், அதோடு அவருக்கு அது மரியாதையாகவும் படாது. இரண்டு மாதம் சாயங்கால வேலை. அவருக்குப் பிடிக்கும்.

இரண்டாவது, அந்தப் பழைய கம்ப்யூட்டரில் உள்ள மெயில். டயல்-அப்காரர்கள் பெரும்பாலும் மெயிலைக் கம்ப்யூட்டருக்குள் இறக்கிவிட்டு சர்வரில் அழித்துவிடுவார்கள், லைனில் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் காசு என்பதால் அப்படித்தான் அமைத்துக் கொடுப்போம், நானே நூறு வீட்டில் அமைத்திருக்கிறேன். ஆக அவருடைய இருபது வருஷக் கடிதமும் வேறெங்கும் இல்லை, அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கிறது. பழைய விண்டோஸும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் என்றால், டிபிஎக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் இருக்கும், இன்பாக்ஸுக்கு ஒன்று, அனுப்பியதற்கு ஒன்று, அவர் ஏற்படுத்திய ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒன்று. அட்ரஸ் புத்தகம் அங்கே இருக்காது. அது டபிள்யூஏபி என்று முடியும் தனி ஃபைல், வேறு இடத்தில் இருக்கும், நான் ஃபீனிக்ஸில் கோட்டைவிட்டது இதைத்தான். எல்லாவற்றையும் இரண்டு பென்டிரைவில் எடுங்கள், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அவர் வீட்டில். எடுத்தபின் பழைய கம்ப்யூட்டரை யாருக்கும் தானம் செய்யாதீர்கள், ஒரு வருஷமாவது மூலையில் இருக்கட்டும். ஆனால் அதை ஃபைபரில் இணைக்காதீர்கள். அந்தப் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டன. ஒரு நாளைக்கு அரைமணி நேரம் ஊர்ந்து போகும் டயல்-அப்பில் அது எப்படியோ தப்பித்தது, நாள் முழுக்கத் திறந்திருக்கும் ஃபைபரில் வைப்பது கதவில்லாத வீட்டில் படுப்பது போலத்தான். பழைய கடிதங்களைப் படிக்க மட்டும் அது, புதிய மெயிலுக்கு வேறு லேப்டாப். வாங்கும்போது விண்டோஸ் 10 உள்ளதை மலிவாகத் தருகிறேன் என்பார்கள், அதற்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, வேண்டாம்.

மூன்றாவதை யாரும் யோசிப்பதே இல்லை. வீட்டில் அலாரம் இருக்கிறதா? அவர் தனியாக இருக்கிறார் என்கிறீர்கள், இருக்கும். அந்த அலாரம் பெட்டி, துப்பாக்கியோடு காவலரை அனுப்பும் ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் கம்பெனிக்கு எப்படிச் செய்தி அனுப்புகிறது? பழைய பெட்டிகளில் நிறைய அதே போன் லைனில் டயல் செய்துதான் அனுப்புகின்றன, அதுவும் ஒரு மோடம்தான். டயல்-அப்பை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டீர்கள், அலாரம் பெட்டி பயன்படுத்துகிறது, பழைய கடையில் உள்ள கார்டு மெஷின் பயன்படுத்துகிறது, எங்கள் தொழிலிலேயே தூரத்து ஊர்களில் ஒரு ரூட்டர் பெரிய லைன் அறுந்து ஊமையாகிவிட்டால் அதற்குள் நுழைய ஒரு போன் லைனும் மோடமும் பின்வாசலாக வைத்திருப்போம். சொன்னால் சிரிப்பீர்கள், லட்சக்கணக்கில் செலவு செய்து போட்ட நெட்வொர்க்கை ஒரு இரவில் காப்பாற்றியது 33 கிலோபிட் மோடம். லைனை வெட்டினால் பல அலாரம் பெட்டிகள் கத்தாது, சும்மா இருக்கும். திருடன் வந்த அன்றைக்குத்தான் தெரியும். கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு, சோதனை செய்யப்போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போன் ஒயரைக் கழற்றி பேனிக் பட்டனை அழுத்திப் பாருங்கள், அவர்களுக்குச் செய்தி போனால் ரேடியோவில் இருக்கிறது, கவலையில்லை. போகாவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள், இன்டர்நெட் அப்புறம்.

போன் நம்பரும் அப்படியே. ஃபைபர் வந்த பிறகு இணையவழி போனுக்கு அதே நம்பரைக் கொண்டுபோக முடியும், ஆனால் லைன் உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும், ரத்து செய்துவிட்டுக் கேட்டால் நம்பர் காற்றோடு போச்சு. இதில் ஒரு எச்சரிக்கை. செம்பைத் திருடர்கள் வெட்டிக்கொண்டு போன பல தெருக்களில் மேசைப் போன் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே சிம்கார்டு உள்ள ஒரு போனைக் கொடுக்கிறார்கள். 2022 நவம்பர் கடைசியில் பழைய உலோக ஏற்றுமதிக்கே அரசு தடை போட்ட பிறகும் திருட்டு நின்றபாடில்லை. அந்த சிம் போனில் டயல்-அப் மோடம் வேலை செய்யாது, ஏனென்றால் அது குரலைச் சுருக்கி அனுப்புகிறது, மனிதக் காதை ஏமாற்றும் அந்தச் சுருக்கத்தில் மோடத்தின் சத்தம் சிதைந்துபோகும். ஆக அவர் அந்தக் கம்பெனியை விட்டு வேறு டயல்-அப் கம்பெனியைத் தேடிப் பிடித்தாலும் செம்பு போனால் எல்லாம் போச்சு. இதை மட்டும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வாத்தியார், காரணம் சொன்னால் கேட்பார்.

எப்படிப் பேச வேண்டும் என்று கேட்டால், "அப்டேட் ஆகுங்கள்" என்ற வார்த்தையைப் பேரப்பிள்ளைகள் வாயிலிருந்து நிறுத்துங்கள். இந்த நாட்டுக்கு இன்டர்நெட் வந்த கதையே ஒரு மோடத்தில்தான் தொடங்கியது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள், கிரஹாம்ஸ்டவுன் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் சிலர் அமெரிக்காவின் ஓரிகனில் ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு டயல் செய்து மெயிலை அனுப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள், 1991 நவம்பரில் முதல் நேரடி இணைப்பும் அதே வீட்டுக்குத்தான் போனது. அப்புறம் பழைய போன் பில் மூன்றை எடுத்து வைத்து, மோடம் கூப்பிடும் நம்பருக்கு நேராக அவரையே பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். ஏழு மணிக்குக் காத்திருப்பது அந்த நேரத்துக்குப் பிறகு கட்டணம் குறைவு என்பதால், அந்தக் காலத்துப் பழக்கம். லைன் வாடகையும் அழைப்புக் காசும் சேர்த்தால் என்ன வருகிறது என்று அவரே கூட்டிப் பார்க்கட்டும். நீங்கள் கூட்டாதீர்கள்.

ஃபைபர் போட்டபின் ஒரு மாதம் இரண்டையும் வைத்திருங்கள். செலவுதான், ஆனால் புதியது ஒரு நாள் நின்றாலும் "சொன்னேனே" என்று அவர் சொல்வதற்கு இடம் வேண்டாமா? ரூட்டருக்கும் சுவரில் மாட்டும் ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மினி யூபிஎஸ் வாங்கிக் கொடுங்கள், அவர் எதிரில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மெயில் வருவதைக் காட்டுங்கள். வெள்ளத்தில் இது எக்ஸ்சேஞ்ச் பேட்டரிக்கு ஈடாகாது, ஆகும் என்று பொய் சொல்லாதீர்கள், சில மணி நேரம்தான். அதனால் சார்ஜ் போட்ட செல்போன் ஒன்றை வேறு கம்பெனி சிம்முடன் வீட்டில் வையுங்கள். செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் தரும் ஸ்டார்லிங்க் வாங்கலாமா என்று யாராவது கிளப்புவார்கள், 2025 கடைசியில் அதற்கு இந்த நாட்டில் லைசென்ஸ் இல்லை.

ஏழு மணி வழக்கத்தில் கை வைக்காதீர்கள். நாள் முழுக்க இன்டர்நெட் இருக்கிறதே என்று அவர் காலையிலிருந்தே உட்கார வேண்டியதில்லை. சத்தம் இல்லாமல் சப்பென்று இருக்கிறது என்பார், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மாறும் வரைக்கும் "டயல் டோன் இல்லை" என்று மோடம் அடம்பிடித்தால் லைன் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் லைனின் வாய்ஸ்மெயிலில் யாரோ செய்தி வைத்திருப்பார்கள், அப்போது டோன் விட்டு விட்டு ஒலிக்கும், மோடத்துக்கு அது புரியாது. செய்தியைக் கேட்டு அழித்தால் சரியாகிவிடும். இதற்காகவே நான் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டேங்கர் வரை போய் வந்திருக்கிறேன், வாங்கிய காசு பெட்ரோலுக்குக்கூட வரவில்லை.

கோடை இடி தொடங்கிவிட்டது. உங்கள் மாமனார் மழை மேகம் கூடியதும் போன் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி வைப்பவராகத்தான் இருப்பார், மின்னலுக்கு ஒரு மோடத்தையாவது பறிகொடுத்த எல்லாரும் அப்படித்தான். ஃபைபரை அவருக்கு விற்க வேண்டுமென்றால் வேகத்தைப் பேசாதீர்கள், அது கண்ணாடி, செம்பு மாதிரி மின்னலை வீட்டுக்குள் இழுத்து வராது என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்ன பிறகும் இடி இடித்தால் எழுந்து போய் ரூட்டரின் கரண்ட் பிளக்கைக் கழற்றுவார். கழற்றட்டும், கரண்ட் ஒயரில் மின்னல் வரத்தான் செய்யும்.